தாராபுரத்துக்கு ரயில் இல்லை

ஈரோட்டில் இறங்கி விசாரித்தேன்.
"ரயிலுங்களா? எங்கப்பன் காலத்துலயே
அளந்துட்டுப் போனாங்க.
பஸ்ஸுல ஏறுங்க."

காங்கேயம் தாண்டியும்
மீதி மூன்று ரூபாய்
டிக்கெட்டின் முதுகில் எழுத்தாகவே இருந்தது.
சன்னலோரக்காரர் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
ஒரு காலத்தில் ஜில்லாவையே
அங்கிருந்துதான் ஆண்டார்களாம்,
பிறகு கோயமுத்தூர் கொண்டுபோய்விட்டதாம்.
பங்காளி வரப்பை நகர்த்தியதைச் சொல்வதுபோல
சொன்னார்.

எனக்குத் தலைநகரம் வேண்டியதில்லை.
கோர்ட்டில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.
சாந்தாமணி
உடுமலை பஸ்ஸில் வருவாள்.

பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்
கூப்பிட்டுக் கொடுத்தார் மூன்று ரூபாயை.
இனி யாருக்கும் யாரும் பாக்கியில்லை
என்று நினைத்தபடி
கடையில் போய் நின்றவன்
ரெண்டு டீ சொல்லிவிட்டேன்,
ஒன்று சர்க்கரை இல்லாமல்.

அவள் பஸ் இன்னும் வரவில்லை.