பூச்சியம்

ஒட்டுசுட்டானில் சனிக்கிழமை இரவு.
பிரதேச செயலகத்தில் நானும்
காவலுக்கு நவரத்தினம் அண்ணையும்
கரண்ட் போனால் கத்துகிற யுபிஎஸ்ஸும்.
சேவரில் வைரஸ் தேடச் சொல்லி ஏவினேன்.
நான்கே நிமிடத்தில் வந்து நின்றது:
பிடிபட்டவை பூச்சியம்.

தேத்தண்ணி ஊற்றப் போனவள்
பாதியில் திரும்பிப் பதிவை மேலே இழுத்துப் பார்த்தேன்.
அனுமதி மறுக்கப்பட்டது.
அனுமதி மறுக்கப்பட்டது.
பதினோராயிரத்துச் சொச்சம் தரம்
கதவில் கை வைத்து, திறவாமல்,
அடுத்த கதவுக்குப் போயிருக்கிறது.
காணிக் கிளையின் கோப்புறைக்குப் பெயர் 'அனுமதிப்பத்திரம்'.
அதற்குள் போக அதற்கு அனுமதி இல்லை.

போகாத இடத்தில் ஒன்றுமில்லை என்று
எழுதி முடித்த அறிக்கைகளை
வன்னிச் சனம் முன்னமும் வாசித்திருக்கிறது.

"ரூட்டாக ஓடவிடும், அலுவல் முடிஞ்சுது"
கொழும்பிலிருந்து போனில் மயூரதன்.
முடியும்தான்.
ரூட்டுக்குச் சேவரில் பூட்டென்று ஒன்றில்லை.
ஆனால் தேடுகிறதும் ஒரு நிரல்தானே;
கெட்ட கோப்பைப் பிரித்துப் பார்க்கையில்
அதுவே கடிபட்டால்
பிறகு கடிப்பது ரூட்டின் பல்லால்.
எந்தப் பையையும் கொட்டிப் பார்க்கலாம் என்றிருந்த கைகளை
ஓமந்தையில் கண்டிருக்கிறேன்.
என் பைக்குள் என்ன இருந்ததென்பது
இங்கே தேவையில்லை.

'சோதனை' என்றொரு பயனர்.
கோப்புறை கோப்புறையாய் அதற்கு உரிமை கொடுத்தேன்:
உள்ளே நடக்கலாம், வாசிக்கலாம்.
எழுத ஏலாது. அழிக்க ஏலாது.
ஒரு மணியாயிற்று.
அண்ணை இரண்டாவது நுளம்புத்திரியைக் கொளுத்தினார்.

இந்த முறை அவசரமில்லாமல்
முத்தையன்கட்டு, பேராறு, கற்சிலைமடு என்று
ஊர் ஊராய்ப் போனது.
மூன்று பத்துக்கு ஒன்று.
வல்லிபுரம் தங்கரத்தினம், கற்சிலைமடு.
கொம்யூனிகேஷனில் டைப் பண்ணி
யாரோ பென்டிரைவில் கொண்டுவந்த கடிதம்.
கண்டது அதைத் தொடவில்லை.
பெயரையும் பாதையையும் எழுதிவிட்டு
அடுத்த கோப்புக்கு நடந்தது.

திங்கள் காலை சுபோதினியைப் பக்கத்தில் இருத்தி
நானே அதை எடுத்து ஒதுக்கினேன்.
"கடிதத்தையும் அழிச்சுப்போட்டீரோ?"
இல்லை. எழுத்தை மட்டும் பிரித்தெடுத்து
அச்சடித்துக் கொடுத்தேன்.
இடம்பெயர்ந்தபோது தொலைந்த பேர்மிட்டுக்குப் பிரதி வேணுமாம்.
இது மூன்றாவது கடிதம், என்கிறது முதல் வரி.

முதல் இரண்டும் எங்கே கிடக்கென்று
ரூட்டாய் நுழைந்து நான் பார்க்கலாம்.
பார்க்கவில்லை; அது காணிக் கிளையின் வேலை.
சுபோதினி கதிரையை இழுத்துப்போட்டு
தன் பாஸ்வேட்டை அடிக்கத் தொடங்கினா.