தலைக்கணக்கு

விமான நிலைய வாசலில் எண்ணினேன், எட்டு.
ரயிலில் எண்ணினேன், எட்டு.
நரிதா ஊர்ப் படிகளில் இறங்கி
மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
மறுபடியும் எண்ணினேன். பழக்கதோஷம்.

இலவசம் என்றால் யாரும் லேசில் நம்புவதில்லை.
"கடைசியில் எங்கே கூட்டிப்போய் எதை விற்பீர்கள்?
கம்பளமா, முத்தா?" என்றார்
தாஷ்கண்டிலிருந்து வந்த குல்னோரா.
ஒன்றுமில்லை அம்மா,
முப்பத்தொரு வருடம் இதே விமான நிலையத்தில்
காணாமல்போன பெட்டிகளுக்கான மேசையில் இருந்தேன்.
பெட்டி வராதவர்களின் முகமாகவே பார்த்துப் பார்த்து,
ஓய்வுபெற்றபின்
கைவீசி வருகிறவர்களோடு கொஞ்சம் நடக்கலாமென்று.

பெயர் கேட்பேன், மனதில் தங்காது.
கிளம்பும் நேரம்தான் எனக்கு அடையாளம்:
ஐந்து பத்து, தாஷ்கண்ட்.
ஐந்து நாற்பது, லிமா போகும் தம்பதி.
ஆறு ஐந்து, மணிலா.

சரிவுத் தெருவில் விலாங்குக் கடை.
உயிரோடு பலகையில் வைத்துப் பிளக்கிறார்கள்.
லிமா படமெடுத்தது.
குல்னோரா முகத்தைத் திருப்பிக்கொண்டார்,
பிறகு விலை கேட்டார்.

கோயில் வாசல் குளத்தில் ஆமைகள்.
அந்தப் பாறையின் தலையில் காசு தங்கினால்
நல்லது நடக்கும் என்றேன்.
ஐந்து நாட்டுக் காசு தண்ணீருக்குள் போனது.
ஆமைகள் எதையும் மாற்றித் தரச் சொல்லவில்லை.
அங்கே எண்ணினேன்.
ஏழு.

மணி இரண்டு நாற்பது. மூன்றரைக்கு ரயில்.
பெட்டி தொலைந்தால் படிவம் உண்டு:
நிறம், அளவு, சக்கரம் இரண்டா நான்கா.
ஆளுக்கு என்ன எழுத?
நீலச் சட்டை. நாற்பது வயதிருக்கும்.
பிடரி மறைய முடி, நெஞ்சைத் தொடும் தாடி.
ஒன்பது மாதம் கப்பலில் என்று சொன்னாரே, ரயிலில்.
பெயர் ரொடெல். இப்போது ஞாபகம் வருகிறது பார்.

ஏழு பேரும் வாத்துக் குஞ்சுகளாய்ப் பின்தொடர
வந்த வழியே ஏறினேன்.
சிவப்பும் நீலமும் சுற்றும் கம்பத்துக்குப் பின்னால்,
இஷிகே-சானின் முடிதிருத்தகத்தில்,
கழுத்துவரை வெள்ளைத் துணியோடு
பாதி முகம் நுரையாக இருந்தது மணிலா.

கண்ணாடியில் சாய்த்துவைத்த போனில் ஒரு சிறுமி,
முன்பல் இரண்டும் இல்லை.
"மகள். பழைய அப்பாவாக வா என்றாள்" என்றார் ரொடெல்,
உதட்டை அசைக்காமல்.

"இஷிகே-சான், ரயில்..." என்றேன்.
"கத்தி கையில் இருக்கும்போது
ரயிலைப் பற்றிப் பேசாதே" என்றார் கிழவர்.

என்ன செய்வது?
லிமா பெஞ்சில் உட்கார்ந்தது.
மற்றவர்கள் சுவரோரம் நின்றார்கள்.
கோயிலின் பெரிய மண்டபத்தை எவரும் பார்க்கவில்லை,
முரசு மட்டும் தூரத்தில் கேட்டது.
குல்னோரா எழுந்துபோய்
இடது கிருதாவைச் சுட்டிக்காட்டித் தன் மொழியில் ஏதோ சொன்னார்.
அந்த மொழி அந்தக் கடையில் ஒருவருக்கும் தெரியாது.
இஷிகே-சான் ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தார்,
தலையாட்டினார், மயிரளவு குறைத்தார்.

சூயஸில் வளர்ந்தது, டர்பனில் வளர்ந்தது,
சான்டோஸ் துறைமுகத்தில் மழையில் நனைந்தது,
எல்லாம் தரையில் கிடந்தது.
துடைப்பத்தால் ஒரே தள்ளு.
காசை எண்ணி வாங்கி
மீதிச் சில்லறையையும் எண்ணிக் கொடுத்தார்.

ஓடினோம். ரயில் கிடைத்தது.
பாதுகாப்புச் சோதனை வாசலில் எட்டு எண்ணிவிட்டும்
எட்டாவது தலை யாருடையதென்று
ஒரு கணம் திகைத்தேன்.
கடவுச்சீட்டில் இருந்த முகம்தான்
அவரைச் சட்டென்று அறிந்துகொண்டது.

வியாழக்கிழமை. வேறு பதினோரு பேர்.
கடையைத் தாண்டும்போது கதவு நகர்ந்தது.
"அந்தக் குழந்தை என்ன சொன்னதாம்?"

அந்தப் பக்கம் இறங்கியபின் யாருக்கு என்ன ஆனதென்று
இத்தனை வருடத்தில் ஒரு வரி வந்ததில்லை எனக்கு.

"அடையாளம் கண்டுகொண்டாளாம்" என்றேன்.

"இடது கிருதா?"

"சமமாக இருந்ததாம்."