ஆவுளியாவின் கழுத்து

மீன் வைக்கும் தெர்மோகோல் பெட்டியைச் சுரண்டி
ஒரு கடற்பசுவின் தலை செய்துவிட்டேன்.
கவிச்சி போகவில்லை. போகட்டும்.
கழுத்துக்கு மொபெட் சீட்டின் ஸ்பிரிங்,
அதன் இருபுறமும் சைக்கிள் பிரேக் கேபிள்.
இடது பிடியை அழுத்தினால்
இடப்பக்கம் பார்க்க வேண்டும்.

வானத்தைப் பார்த்தது.

மூன்று இரவுகள்.
தோளில் ஒரு வளைவு, இடுப்பில் ஒரு வளைவு,
கேபிள் உறைக்குள் என் கை சொன்னது
பாதி வழியிலேயே செத்துவிடுகிறது.
வளைவைக் குறைத்தேன். தேங்காயெண்ணெய் விட்டேன்;
சின்னப்பாலத்து மணல் அதில் வந்து குடியேறியது.
துடைத்து, கிரீஸ் தடவி, நட்டை அரைச்சுற்று இறுக்கியதில்
இடமும் வலமும் அசைந்தது தலை,
வேண்டாம் வேண்டாம் என்பதுபோல்.

பாசி எடுத்துத் திரும்பிய நம்புசெல்வி
விரல்துணியை அவிழ்த்தபடி நின்று பார்த்தாள்.
"ஆவுளியாவுக்கு ஏதுண்ணே கழுத்து?
தீவுப் பக்கம் ஒருக்கா பாத்திருக்கேன்.
திரும்பணும்னா ஒடம்போடதான் திரும்பும்."

கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு, அரைகுறையாய்.
விடிந்தால் பள்ளிக்கூட ஊர்வலம்.
ஸ்பிரிங்கைக் கழற்றி, தலையை
உடம்போடு வலைக்கயிறு போட்டு வரிந்து கட்டினேன்.
இனித் திரும்ப வேண்டுமென்றால்
உள்ளே நிற்கும் நான்தான் திரும்ப வேண்டும்.

மிச்சம் இரண்டு கேபிள்.
"மூக்கு?" என்று கேட்டேன்.
"முங்கும்போது மூடிக்கும். மேல வந்தா தெறக்கும்."
செருப்பு ரப்பரில் இரண்டு மூடி வெட்டி,
குண்டூசிக் கீல் வைத்து, கேபிளை மாட்டி,
பிடியை அவளிடம் கொடுத்தேன்.

அழுத்தினாள். மூடின.
அவள் வாயும் கன்னமும் இறுகின.
நான் கிரீஸ் கையோடு பார்த்துக்கொண்டே இருந்தேன்,
விடுவாள் விடுவாள் என்று.
விடவில்லை.
கடைசியில் எனக்குத்தான் மூச்சு முட்டியது.