பெரிதுபடுத்துதல்

எர்சுரும் பேருந்து நிலையம், இரவு பதினொன்று நாற்பது.
மூன்றாம் கவுண்டரில் ஒருவர்
சீட்டைக் கண்ணாடிக்கு அடியில் திருப்பித் தள்ளுகிறார்:
"இது நானில்லை."

அவர் பெயர் உல்காஸ்.
அந்த உகரத்தை உதடு குவித்துச் சொல்லக்கூடாது.
'பாக்கு' என்று முடிக்கையில் பாதியில் விட்டுவிடுகிறோமே,
அந்த அரை மூச்சு.
துருக்கியில் அதற்கு எழுத்து ஒரு வெறும் குச்சி.
குச்சியின் தலையில் பொட்டு வைத்தால் இகரம்.
சீட்டில் பொட்டு இருந்தது.
இல்காஸ் என்று யாரோ
பதினேழாம் இருக்கையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

"சின்னப் புள்ளி அண்ணே, பெரிதுபடுத்தாதீர்கள்" என்றான் ஃபெரித்.
"பெரிதுபடுத்தியது நானா? உங்கள் மெஷின்."

உண்மைதான்.
ஃபெரித் தட்டியதெல்லாம் பெரிய எழுத்து.
அதைச் சிறிதாக்கும்போது மெஷின்
ஆங்கிலேயர் வழக்கப்படி ஒரு பொட்டு வைத்தது.
முதலெழுத்தை மறுபடி பெரிதாக்கும்போது
துருக்கியர் வழக்கப்படி அதைப் பத்திரமாகக் காத்தது.
இரண்டு மரியாதைக்கு நடுவே
ஆள் மாறிப்போனார்.

மறுநாள் அங்காராவிலிருந்து நெஸ்லிஷா திருத்தினாள்.
எல்லாம் இனித் துருக்கி முறை. ஒரே வரி.
மதியம் வரை நிம்மதி.
அப்புறம் பனிச்சறுக்க வந்த ஃபின்லாந்துக்காரி
ஈரிஸ் நீனிமாக்கியின் பெயர்
பெரிய எழுத்தில் ஏழு பொட்டோடு அச்சானது,
அம்மை போட்டதுபோல.
இரவில் மெஷினே நின்றது.
தனக்குள் இருந்த ஆங்கிலக் கட்டளைகளையும்
பொட்டு வைத்துப் பெரிதாக்கிப் பார்த்து,
இப்படி ஒரு சொல்லே கேள்விப்பட்டதில்லை என்றது.
நெஸ்லிஷா தேநீரை ஆறவிட்டு
வரிகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள்:
நீ யார் வீட்டுப் பிள்ளை?

இதை எழுதும் என் எழுத்தில்
பெரியது சிறியது கிடையாது.
ஆனால் தலையில் புள்ளி வைத்தால் உயிர் போய்விடும்.
அதனால் உல்காஸ் கண்ணாடியைத் தட்டியது
எனக்கு அதிகமாகப் படவில்லை.

அன்றைய இரவுக்கே வருகிறேன்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.
ஃபெரித் நகத்தால் சுரண்டினான், போகவில்லை.
பேனா எடுத்து அடித்தான்.
பொட்டு இன்னும் பெரிதாயிற்று.
உல்காஸ் அதைப் பார்த்தார், ஃபெரித்தைப் பார்த்தார்,
மஃப்ளரை மூக்குவரை ஏற்றிக்கொண்டு
பதினேழாம் இருக்கைக்கு நடந்தார்,
அங்கே இருப்பவரை எழுப்பப் போகிறவர்போல.