டை, நீலம், ஒன்று

மைனஸ் இருபத்திரண்டு.
பத்து மணிக்குத்தான் கதவு திறக்கும் என்று தெரிந்தும்
ஒன்பதே காலுக்கே வந்து நிற்கிறவர்களில்
ஆர்டன் ஸ்கோக் எப்போதும் மூன்றாவது ஆள்.
முதலில் நின்றால் கெஞ்சுவது போலிருக்குமாம்.

டுலூத் நகர நூலகத்தில்
திரும்பி வருகிற புத்தகங்களை வாங்குகிறவள் நான்.
ஈரம், காப்பிக் கறை, நடுவில் மறந்த பஸ் டிக்கெட்
எல்லாம் என் கைக்குத்தான் வரும்.

செவ்வாயும் வியாழனும் இரண்டு மணிக்கு
வரைபட அலமாரிக்குப் பக்கத்தில்
மடக்கு மேசை போட்டு உட்காருவாள் மரீட்.
'எதுவானாலும் கேளுங்கள்' என்று அட்டை.
கழிப்பறை எங்கே என்றுதான் முக்கால்வாசிப் பேர் கேட்பார்கள்.

ஆர்டன் நான்கு வாரம்
ஆப்பிரிக்காவை விரித்து வைத்துக்கொண்டு
அவள் மற்றவர்களிடம் பேசுவதை ஒட்டுக்கேட்டார்.
ஐந்தாம் வாரம்
ஆப்பிரிக்காவை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

விண்ணப்பம் எடுத்த எடுப்பில் முகவரி கேட்டது.
முகம் இருந்தது.
வரிகள் இருந்தன, நெற்றி கொள்ளாமல்.
இருபது நிமிஷம் தொடாவிட்டால்
கணினி எல்லாவற்றையும் அழித்துவிடும்.
அழித்தது, இரண்டு தடவை.
மூன்றாம் தடவை மரீட்
யார் யாருக்கோ போன் போட்டு
ஒரு தபால் பெட்டி எண் வாங்கினாள்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம். ராத்திரி ஷிப்ட்.
நேர்காணல் வெள்ளி காலை எட்டரை.

எங்களிடம் டை இரவல் உண்டு.
மொத்தம் பதினொன்று, மூன்று வாரத் தவணை.
"சலவை வேலைக்கு டை கேட்க மாட்டார்களே" என்றாள் மரீட்.
"அவர்கள் கேட்கவில்லை" என்றார்.

கட்டத் தெரியவில்லை.
காகித ஆலையில் முப்பது வருஷம்;
கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது அங்கே,
உருளை ஆளையே இழுத்துக்கொள்ளும்.
நான்தான் கட்டினேன்,
யூடியூபில் ஒரு பொடியன் காட்டியதை
நிறுத்தி நிறுத்திப் பார்த்து,
முதலில் என் கழுத்தில்.

அப்புறம் அவர் வரவில்லை.
வரிசையில் மூன்றாவதாக வேறு யாரோ.
கெடு தாண்டிய பட்டியலில்
'டை, நீலம், ஒன்று':
பத்து நாள், முப்பது நாள், நாற்பத்தாறு.
கிடைத்ததால் வரவில்லையா
கிடைக்காததால் வரவில்லையா,
அதற்குப் பட்டியலில் கட்டம் கிடையாது.
மரீட் தன் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே
கேள்விக்குறி போட்டாள்,
அழித்தாள்,
மறுபடி போட்டாள்.

ஏப்ரலில் ஏரி பிளந்தது.
முதல் தாதுக் கப்பல் ஊதிய காலையில்
வாசல் பெட்டியைத் திறந்தேன்.
சமையல் புத்தகம் இரண்டு, ஒரு டைனோசர்,
அடியில் நீலம்.
சலவைத்தூள் வாசம்.
தேய்த்த மடிப்பு நேராக இருந்தது.
முடிச்சை மட்டும் அவிழ்க்கவில்லை,
தலை நுழைகிற அளவுக்குத் தளர்த்தியிருந்தார்.

விதிப்படி அவிழ்த்துத்தான் அடுக்க வேண்டும்.
பார்கோடைக் காட்டினேன்,
வந்து சேர்ந்தது என்றது இயந்திரம்.

இன்று வியாழன்.
மரீட் வர இன்னும் மூன்று மணி நேரம்.
அதுவரை
என் கழுத்தில் கிடக்கட்டும்.