ஒரு பெட்டிதான்

ஐந்து மணிக்கு இருபது நிமிடம் இருக்கிறது.
ரியெக்காத் துறைமுகம் இன்னும் முழுதாய் விழிக்கவில்லை.
தொழிலாளர் உணவகத்தில்
வெப்பமூட்டியை ஒட்டிய மேசை எனது.
போன வருடத்துச் சரக்குச் சீட்டுகளின்
வெற்று முதுகுகளும் எனது.

மூன்று பக்கம். குறைந்தால் ஏறமாட்டேன்.

முதல் பக்கத்தில் எப்போதும் வீடு ஒழுகும்.
கொதிகலன் இரவெல்லாம் சொட்டியது.
தம்பி ஸ்த்ராவ்கோ வாங்கிய கடனுக்கு
வங்கிக்காரன் எனக்குப் போன் செய்கிறான்.
பால் தீர்ந்துவிட்டது.
முழங்காலில் அதே வலி.
பால் தீர்ந்துவிட்டது
(இரண்டு முறை எழுதிவிட்டேன், இருக்கட்டும்).

இரண்டாம் பக்கத்தில் பேனா நொண்டும்.
எழுத ஒன்றுமில்லை என்று எழுதுவேன்.
எழுத ஒன்றுமில்லை என்றே ஆறு வரி.
ஏழாவதில் வந்து உட்காரும்
அதுவரை வெளியே குளிரில் நின்றிருந்தது:
நேற்று ஸ்ரிங்காவிடம் சொன்னேன்,
நீயும் உன் அப்பாவைப் போலப் போய்விடுவாய் என்று.
அவள் தட்டைக் கழுவி
ஓசை வராமல் கவிழ்த்து வைத்தாள்.

"காதலனுக்கா?" என்பான் கொக்கி மாட்டும் தாமிர்.
"ஆமாம், முப்பது டன் எடை."
யாரும் படிப்பதற்கில்லை.
நானே படிப்பதில்லை.
வெள்ளிக்கிழமை அடுப்புக்குப் போகும்.

மேலே, முப்பத்தெட்டு மீட்டர் உயரத்தில்,
என் கையில் தொங்கலாம்
ஒரே ஒரு பெட்டி.
மற்றதையெல்லாம்
இங்கேயே இறக்கி வைத்துவிட்டு ஏறவேண்டும்.

பூரா காற்று பேருந்தை மலைவளைவில் மறித்த அன்று
காகிதத்தைத் தொடவே நேரமில்லை.
எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஏணியில் ஏறினேன்.
முதல் பெட்டியே ஒரு முழம் பிசகியது.
கீழே தாமிர் விலகி ஓடினான்.
வானொலியில் அவன் சொன்ன வார்த்தையை
இங்கே எழுதமாட்டேன்.

அப்புறம் காற்றுமணி அலறியது.
வேலை நிற்கட்டும், காத்திருங்கள் என்றார்கள்.
கூண்டு ஆடியது.
என் மூச்சே கண்ணாடியில் படிந்து
கடலை மூடியது, கப்பலை மூடியது.
காகிதம் இல்லை.
கையுறையைக் கழற்றி விரலால் எழுதினேன்:
பால்.
கடன்.
கீழே பெரிதாய், ஸ்ரிங்கா.
பக்கத்தில் மன்னிப்பு என்று தொடங்கி
இடம் போதாமல் நின்றேன்.

அப்போதுதான் பார்த்தேன்.
வெண்மூட்டம் முழுதும் அப்படியே இருக்க
எழுதிய கோடுகளில் மட்டும்
கண்ணாடி தெளிந்திருந்தது.
அவள் பெயரின் முதல் எழுத்து வழியே
தாமிரின் மஞ்சள் தலைக்கவசம்,
ஒரு கம்பத்தைப் பிடித்தபடி,
கடுகளவு.

அவனை இத்தனை கூர்மையாய்
நான் பார்த்ததே இல்லை.

ஒன்பதரைக்குக் காற்று தணிந்தது.
"நெவென்கா, தயாரா?"
சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்தேன்,
பால், கடன், மூட்டம் எல்லாம்.
அவள் பெயரைக் கடைசியாக.
"கொண்டு வா," என்றேன்.
பெட்டி வந்தது. ஒன்றுதான்.

மாலையில் பால் வாங்க மறந்தே போனேன்.
குளிர்பெட்டியைத் திறந்தால்
ஸ்ரிங்கா வாங்கி வைத்திருந்தாள்.