நகத்தளவு

நாலு பக்கமும் ஓலை.
மேலே எதுவும் போடவில்லை நாங்கள்.
மேலே யார் இருக்கப்போகிறார்கள்,
கொக்கும் கடற்காகமும் தவிர?

பாசி எடுத்துக் கரையேறிய உடம்பு.
உப்பு காய்ந்தால் தோலைப் பிடித்து இழுக்கும்.
விரலில் சுற்றிய துணிக்கீற்றை
ஒவ்வொன்றாய் அவிழ்த்துப் போட்டேன்.
ஊற்றுத் தண்ணீர் ரெண்டு குடம்,
அதில் ஒன்றரை எனக்கு.
முதல் செம்பு தோளில் விழும்போதே கேட்டது
குளவி இரைச்சல்.

கூடு எங்கே என்று ஓலையைத்தான் தேடினேன்.
நிமிர்ந்தால்
நாலு றெக்கைப் பூச்சி.
பறக்கிறதெல்லாம் கடந்து போகும்.
இது நின்றது.

செம்பை எறிந்தேன்.
அது போய்ப் பக்கத்து வீட்டு ஆட்டின் மேல் விழுந்தது.
கச்சான் காற்றுதான்
பூச்சியைத் தென்னையில் மோதி
என் முற்றத்தில் போட்டது.

பரமக்குடி ஸ்டுடியோக்காரப் பையன்
மூச்சு வாங்க ஓடி வந்தான். பேர் நவநீதன்.
"கல்யாண ஜோடியத்தான் எடுத்தேங்க்கா,
பாலத்தப் பின்னாடி வச்சு.
காத்து தள்ளிருச்சு.
ஒண்ணேகால் லட்சம்க்கா, குடுத்துருங்க."
ஈரச்சேலையோடு நின்றேன்.
மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தான்.
என்னை ஒருதரம்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை,
அவ்வளவு மரியாதையான பிள்ளை.

மறுநாள் ஸ்டேஷன்.
ஏட்டையா வரைபடம் விரித்தார்.
இந்தா உச்சிப்புளி, கடற்படை.
இந்தா எல்லைக்கோடு.
"இங்கன பட்டம் விட்டாலே பதில் சொல்லணும் தாயி."
எத்தனை மீட்டர் உசரம்,
மிஷினுக்குப் பதிவு எண் உண்டா,
பாலத்தை எந்தப் பக்கமிருந்து எடுத்தான்,
எல்லாம் கேட்டார்.
"என்னை எடுத்தான்" என்றேன்.
"அதையும் சேத்துக்கலாம்" என்றார்.

சேர்த்துக்கொள்ளச்
சில்லு வேண்டுமாம்.

சுண்டுவிரல் நகத்தளவு.
பையன் வந்து சேருமுன்னே
பிடுங்கி வைத்திருந்தாள் கொழுந்தியாள் சம்மனசுமேரி.
செல்போன் கடையில் ஆறு மாசம் இருந்தவள்.
ராத்திரி, கதவைச் சாத்திவிட்டு, போட்டுக் காட்டினாள்.

ஜோடி. பாலம். பாலத்தின் நிழல்.
பிறகு கடல், அடிமணல் தெரிகிற பச்சையில்.
அதில் ஏழு தலை.
முங்கி எழுகிற ஏழு தலை, இடுப்பில் சாக்கு,
பின்னால் குருசடைத் தீவு.
வனத்துறை மிதவைக்கு இந்தப் பக்கம் இல்லை,
அந்தப் பக்கம்.
"நீ, நான், ரோஸ்லின், பஞ்சவர்ணம்..."
சம்மனசுமேரி எண்ணிக்கொண்டே வந்து
பாதியில் நிறுத்தினாள்.
நாலு நிமிஷம் கழித்துத்தான்
ஓலை, குடம், முதுகு.
பதினோரு நொடி.

அவன் குற்றமும் என் குற்றமும்
ஒரே நகத்துக்குள்.
என் முதுகை ஒப்படைத்தால்
ஏழு தலையையும் ஒப்படைக்க வேண்டும்.
போனதரம் பிடித்த வத்தை
மூன்று மாசம் வெயிலில் கிடந்து
பிளந்துதான் திரும்பி வந்தது.

"சில்லு?" என்றார் ஏட்டையா.
"கடல்ல விழுந்திருக்கும்."
முற்றத்தில் விழுந்த மிஷினின் சில்லு
கடலுக்கு எப்படிப் போனது என்று
அவரும் கேட்கவில்லை.
எழுதினார். எல்லைக்கோட்டைப் பற்றி
முழுசாய் ஒரு பக்கம்.
நான் கையெழுத்துப் போட்ட இடத்தில்
சாட்சி என்று இருந்தது.
பாதிக்கப்பட்டது வானம்.

இப்போது ஓலைக்கு மேலே தார்ப்பாய்.
பட்டப்பகலில் இருட்டு.
சோப்பு நழுவினால் தடவித்தான் எடுக்க வேண்டும்.

நவநீதன் நேற்றுப் போன் பண்ணினான்.
"கார்டு ஒங்ககிட்ட இருந்தா
அந்த ஜோடி படத்த மட்டுமாவது..."
இல்லை என்று வைத்துவிட்டேன்.

முக்குளிக்கிற கண்ணாடி டப்பாவில்
பஞ்சுக்கடியில் இருக்கிறது.
பாலத்தடியில் காற்று அடித்து
முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு
அந்தப் பெண் சிரிக்கிறாள்,
படம் ஓடுவது தெரியாமல்.
அந்தச் சிரிப்பை மட்டும்
மூன்றுதரம் பார்த்துவிட்டேன்.